இது கல்லு இல்ல, வாய் இருக்கு

"காலைல ஒரு ஸ்பூன், ராத்திரி ஒரு ஸ்பூன். விடாம போடுங்க சார். பத்தே நாள்ல கலர் எப்படி ஏறுதுன்னு பாருங்க."

இருமல் டானிக் இல்லங்க. பவளத்துக்குப் போடற பவுடர்.

டப்பா உள்ளங்கைக்குள்ள அடங்கிடும். அந்தக் காசுக்கு ஒரு கிலோ நல்ல நெய் வாங்கிட்டு ஆட்டோல வீட்டுக்கு வரலாம். சரி, அது அவர் வியாபாரம், கடைப் பேரெல்லாம் வேணாம். எனக்கு விலையில எரிச்சல் இல்ல. தொட்டியில என்ன வெச்சிருக்கேன், எத்தனை மீன் இருக்கு, நைட்ரேட் எவ்வளவு நிக்குதுன்னு ஒரு வார்த்தை கேக்கணுமா வேணாமா? நேரா டோஸ்தான்.

பசிக்குதான்னு கேக்காமலே சோறு போடற பழக்கம் நம்ம ரத்தத்துலயே இருக்கு போல. (எங்க வீட்டுக்கு வந்து பாருங்க. "போதும்மா"ன்னு சொன்னதுக்கப்புறம்தான் தட்டுல ரெண்டாவது தோசை விழும்.)

அந்த எரிச்சல்ல உக்காந்து எழுதறேன். நீளும். காபி போட்டுக்கிட்டு வாங்க.

மந்தைவெளியில மூணாவது மாடி ஃபிளாட். ஹால்ல டிவி இருக்க வேண்டிய இடத்துல ஒரு கடல்தண்ணித் தொட்டி. டிவி பெட்ரூமுக்குப் போயாச்சு. அப்பா போகல. தொட்டி முன்னாடியே ஈஸிசேரைப் போட்டுட்டார்.

கடல்தண்ணின்னு சொன்னதும் வர்றவங்க எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான்: "பீச்தான் பக்கத்துலயே இருக்கே, ரெண்டு கேன் மொண்டுகிட்டு வந்தா ஆச்சே?"

ஆகாதுங்க. பெசன்ட் நகர் பீச்சுக்கு வடக்கால அடையாறு கடல்ல சேருது. அது என்னத்தையெல்லாம் சுமந்துகிட்டு வருதுன்னு பாலத்து மேல வண்டில போனாலே மூக்கு சொல்லிடும். அதுல ஐப்பசி, கார்த்திகை வந்தா மழைத்தண்ணி இறங்கி கரையோரத்துல உப்பே நீர்த்துப் போயிடும். தொட்டிக்கு அடர்த்தி 1.025-ல ஆடாம நிக்கணும்.

(மெரினாவுல ஒரு மீன்காட்சியகம் இருந்தது, 1909-ல திறந்தது. இந்தியாவுக்கே அதுதான் முதல். எழும்பூர் மியூசியத்துல இருந்த எட்கர் தர்ஸ்டன் போட்ட பிள்ளையார் சுழி. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல மூடிட்டாங்க. அந்தக் காலத்துல கடலை நம்பி ஆரம்பிச்சிருக்காங்க. இப்போ நமக்கு அந்தத் தைரியம் கிடையாது.)

அதனால உப்பை வாங்கித்தான் கலக்கணும். இதுல ஒரு கூத்து இருக்கு. நெம்மேலியில கடல்தண்ணியை உறிஞ்சி, உப்பைப் பிரிச்சு, தென்சென்னைக்குக் குடிதண்ணியா அனுப்பறாங்க. 2013-ல நாளைக்குப் பத்து கோடி லிட்டர்னு ஒரு ஆலை, 2024-ல பதினஞ்சு கோடி லிட்டர்னு இன்னொண்ணு. திருவான்மியூர்ல என் சினேகிதன் ஒருத்தன், அவனும் தொட்டி வெச்சிருக்கான். அவன் வீட்டுக் குழாய்ல அந்தத் தண்ணிதான். அரசாங்கம் அவ்வளவு செலவு பண்ணி எடுத்த உப்பை, அவன் தன் கைக்காசைப் போட்டு வாங்கித் திரும்ப அதுலயே கொட்டறான். ஸ்பூன் ஸ்பூனா. எடை மெஷின் வெச்சு.

இப்போ முக்கியமான ஒரு விஷயம். இதைச் சொல்லாம மேல போகக்கூடாது.

என் தொட்டியில இருக்கறது மஷ்ரூம், ஜோவாஸ், ஒரு லெதர், கொஞ்சம் ஜீனியா. கல்லு கட்டற பவளம் ஒண்ணு கூட இல்ல. நம்ம ஊர்ல அதை வெச்சுக்கவும் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில 2001-ல எல்லா கடினப் பவளத்தையும் சேர்த்தாச்சு. கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல்விசிறி, ஆர்கன் பைப்னு செக்கச்செவேல்னு இருக்குமே, அதுவும் சேர்த்தி. அதாவது புலி இருக்கற அட்டவணை. உயிரோட இருந்தாத்தான்னு இல்ல, செத்து வெளுத்த ஓடா ஷோகேஸ்ல வெச்சாலும் அதே வழக்கு.

"ராமேஸ்வரம் சரக்கு சார், யாருக்கும் தெரியாது"ன்னு காதோட காதா சொல்றவங்க இருக்காங்க. ஒரு பெரிய கும்பிடு போட்டுட்டு நகர்ந்துடுங்க. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல மன்னார் வளைகுடாவுல 21 தீவு. 1986-ல தேசியப் பூங்கா ஆச்சு. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டியே அதுல ரெண்டு தீவு, பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும், தண்ணிக்குள்ள போயிடுச்சு. ரெண்டு தீவையே காணாம அடிச்ச பெருமை நமக்கு உண்டு. போதும்.

(விலங்கியல்காரங்க கிட்ட கேட்டா, மஷ்ரூமும் ஜோவாஸும் அசல் பவளமே இல்லம்பாங்க. ஒண்ணுவிட்ட உறவு. கடையில எல்லாத்துக்கும் கோரல்னுதான் பேரு. நானும் வசதிக்குப் பவளம்னே சொல்லிட்டுப் போறேன்.)

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

முதல் தடவை நான் ஊட்டறதைப் பாத்துட்டு அப்பா சொன்னார்: "கல்லுக்குள்ள இருக்கற தேரைக்கே படியளக்கறான் கபாலி. நீ எதுக்குடா நடுவுல?"

கேலிதான். ஆனா அதுல பாதி சரின்னு அப்புறம் புரிஞ்சுது.

பவளத்துக்குள்ளயே படியளக்கறவன் ஒருத்தன் குடியிருக்கான். ஜூசாந்தெல்லேன்னு பேரு. ஒரே செல்லு இருக்கற பாசி, பவளத்தோட சதைக்குள்ள லட்சக்கணக்குல உக்காந்திருக்கும். வெளிச்சத்தை வாங்கிச் சமைச்சு, சமைச்சதுல பெரும்பங்கை வீட்டுக்காரனுக்குக் குடுத்துடும். ஆழமில்லாத கடல்ல நல்ல வெயில்ல இருக்கற பவளத்துக்கு அன்றாடச் சக்தியில 90 சதவீதம் வரைக்கும் கூட இதுலயே வந்துடும்னு கணக்கு. மேல தொங்கற எல்இடி லைட்டுதான் என் தொட்டியோட சமையக்காரர்.

அப்போ ஊட்டவே வேணாமா?

வேணும். ஏன்னா அந்தப் பாசி போடறது வெறும் சர்க்கரைப் பொங்கல். தெம்பு வரும், உடம்பு வளராது. சதை போட, குட்டி போட, அடிபட்டா ஆற, நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேணும். அதுக்குத்தான் பவளத்துக்கு வாய்.

ஆமாங்க, வாய். பாலிப் ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு கீறல் மாதிரி இருக்கும். சுத்தி கைங்க. கையில ஊசிச் செல்லு. ஒரு சின்ன இறால் குஞ்சு பட்டா குத்தி மயக்கி வாய்க்கு இழுத்துடும். (உள்ள போற வழியும் வெளிய வர்ற வழியும் ஒண்ணேதான். இதைச் சாப்பாட்டு நேரத்துல வீட்டுல சொல்லாதீங்க. நான் சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டேன்.)

பவளம் மாமிசமா, வெயில்லயே வாழறதான்னு ஒரு பெரிய பஞ்சாயத்தே நடந்திருக்கு. 1928-ல சி.எம். யங் ஒரு குழுவோட ஆஸ்திரேலியாவுல கிரேட் பேரியர் ரீஃபுக்குப் போறார். லோ ஐல்ஸ்னு ஒரு குட்டித் தீவு. பவளத்தைப் பிடிச்சு இருட்டுல வெச்சுப் பாத்தாங்க. பாசியெல்லாம் வெளிய போயிடுச்சு, பவளம் வெளுத்துப்போச்சு, ஆனா தீனி போட்டா உயிரோட இருக்கு! அதனால பவளம் சுத்த மாமிசம், பாசி சும்மா வாடகைக்கு இருக்கறவன், அதுகிட்டேர்ந்து சாப்பாடு வரலன்னு யங் முடிவு கட்டிட்டார். அப்புறம் 1958-ல லெனார்ட் மஸ்கட்டைனும் கேடட் ஹேண்டும் கதிரியக்கக் கார்பனை அடையாளமா வெச்சுக் கடல்தாமரையில பாத்தா, பாசி செஞ்ச சரக்கு நேரா விலங்கோட சதைக்குள்ள போகுது. யங் பாத்ததும் நிஜம்தான், முடிவுதான் அவசரம்.

எங்க வீட்டுல இந்தப் பஞ்சாயத்து வேற மாதிரி நடந்தது.

சுத்த சைவ வீடு. இறாலை எங்க அரைக்கறது?

"மிக்ஸி ஜார் பக்கம் போனே, தொட்டி கீழ போகும்"னு அம்மா ஒரே வரியில தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது. அதனால தி.நகர்ல கயிறு இழுத்து நறுக்கற சாப்பர் ஒண்ணு வாங்கி, அதை பால்கனியில தனியா, பழைய பக்கெட்டுக்குள்ள, மூடி போட்டு வெச்சிருக்கேன். ஃப்ரீசர்? கீழ் வீட்டு அக்கா திருநெல்வேலிப் பக்கம். அவங்க ஃப்ரிட்ஜ்ல ஒரு மூலை எனக்கு. வாடகையா, நான் வாங்கற இறால்ல பெரும்பங்கு அவங்களுக்கு. நியாயமான ஒப்பந்தம். ஒரு தடவை அவங்க பாட்டுக்கு என் பங்குக்கும் உப்பு, மஞ்சத்தூள் போட்டுப் பிசிறி வெச்சுட்டாங்க. "பழக்கதோஷம் தம்பி"ன்னாங்க. பவளத்துக்கு மஞ்சள் ஆகாது, அன்னிக்கு அது அவங்க வீட்டுக் குழம்புக்கே போயிடுச்சு. பிரமாதமா இருந்ததாம்.

இறால் வாங்கறது மெரினா லூப் ரோட்டு மீன் கடையில.

"இன்னா சார், இம்மாந்தூரம் வந்து கால் கிலோ எறாதானா?"

"வீட்டுல மீனுக்குக்கா."

"மீனுக்கு மீனா? நல்லா கீதே உன் கத!"

கூடவே ரெண்டு கணவாய். கிடைச்சா கொஞ்சம் மட்டி. ஓட்டை எடுத்து, ஆர்.ஓ தண்ணியில நல்லாக் கழுவி, சாப்பர்ல இழுத்து, டீ வடிகட்டியில போட்டு இன்னொரு தடவை அலசணும். அந்த வெள்ளைச் சாறு இருக்கு பாருங்க, அது முக்கால்வாசி நேரா பாஸ்பேட்டாத்தான் போகும். அதுல ஒரு கரண்டி மட்டும் தனியா எடுத்து வெச்சுட்டு மிச்சத்தைக் கொட்டிடுங்க. சக்கையை ஜிப் கவர்ல அப்பளம் கனத்துக்குத் தட்டி ஃப்ரீசர்ல போட்டா, வேணும்போது நகக்கண் அளவுக்கு உடைச்சுக்கலாம்.

ஊட்டற சாமான். வெளிநாட்டு வீடியோ எல்லாத்துலயும் வான்கோழிக்குக் குழம்பு ஊத்தற ரப்பர் குழாயை வெச்சு ஊட்டுவாங்க. நம்ம ஊர்ல வான்கோழிக்கு யாரு குழம்பு ஊத்தறா? லஸ்ல மெடிக்கல் ஷாப்புக்குப் போய் 20 மில்லி சிரிஞ்ச் கேட்டேன்.

"ஊசியோடயா சார்? யாருக்கு?"

"ஊசி வேணாம்பா. பவளத்துக்கு ஊட்ட."

அந்தத் தம்பி முகம் அப்படியே கனிஞ்சு போச்சு. "பாட்டிக்கு வயசு என்ன சார்?"

சிரிஞ்ச் முனையில ஒரு முழம் ஏர் ட்யூப். அவ்வளவுதான். கை தண்ணிக்குள்ள போகவே வேணாம். (போகவும் கூடாது, முக்கியமா ஜோவாஸ் இருந்தா. அதுல சில வகையில பாலிடாக்சின்னு ஒரு விஷம், 1971-ல ஹவாய்ல பிரிச்சு எடுத்தாங்க. ரொம்பப் பொல்லாதது. கையில காயத்தோட தொடாதீங்க. அது ஒட்டியிருக்கற கல்லை வெந்நீர்ல போட்டுச் சுத்தம் பண்றேன்னு ஆவி பிடிக்காதீங்க. க்ளவுஸ், கண்ணாடி.)

இப்போ ஊட்டறதைப் பாருங்க.

பம்பு, வேவ்மேக்கர் ரெண்டையும் நிறுத்தணும். தண்ணி அசையாம நிக்கும். முதல்ல தீனி இல்ல. எடுத்து வெச்ச சாறுல நாலு சொட்டு. விட்டுட்டுச் சும்மா உக்காந்திருக்கணும். பத்து நிமிஷம் போல. வாசனை பட்டதும் தொட்டியே முழிச்சுக்கும். அமினோ அமிலம் தண்ணியில வர்றதை இதுங்க மோந்துடும். தட்டையாக் கிடந்த மஷ்ரூம் ஓரம் லேசா மேல எழும்பும், நடுவுல வாய் பிதுங்கும்.

அப்போ ஒரு துணுக்கு. மஷ்ரூமோட நடுவுல, உரசாம, மேலேர்ந்து விழற மாதிரி.

முதல்ல ஒண்ணும் நடக்காது. "பிடிக்கல போல"ன்னு நினைப்போம். அப்புறம் விளிம்பு ஒரு பக்கமா மடங்க ஆரம்பிக்கும். எதிர்ப்பக்கம். அப்புறம் எல்லாப் பக்கமும். கொஞ்ச நேரத்துல சுருக்குப்பை வாயைக் கட்டின கணக்கா ஒரு உருண்டை. உள்ள துணுக்கு. மேல தொப்புள் மாதிரி ஒரு சின்ன ஓட்டை. அப்படியே மணிக்கணக்கா இருக்கும். மறுநாள் விரிஞ்சு பாத்தா பக்கத்துல பழுப்பா ஒரு நூல் கிடக்கும். (வெளிய வர்ற வழி. முன்னாடியே சொன்னேன்.)

ஜோவாஸ் வேற மாதிரி. விரல்களை ஒண்ணொண்ணா உள்ள மடக்கி மூடிக்கும். பெரிய துணுக்கு போட்டா திருப்பி உமிழ்ந்துடும். பொடியா இருக்கணும்.

லெதரு? வாங்கவே வாங்காது. மேல விழுந்த இறாலை ஏறெடுத்துக் கூடப் பாக்காது. அதுக்கு வெளிச்சமும், தண்ணியில கரைஞ்சதும், ரொம்ப நுணுக்கமான துகளும் போதும். ஜீனியா அதுக்கும் மேல, நாள் பூரா கையைத் திறந்து மூடிக்கிட்டே இருக்கும், ஏதோ பிடிக்குதுன்னு நினைப்போம், ஒண்ணையும் பிடிக்காது.

கவனிச்சீங்களா? என் தொட்டியில நாலு வகை. ரெண்டுதான் கறி சாப்பிடும். ரெண்டு ஸ்பூன் பவுடரைப் பொதுவாக் கொட்டினா யாருக்குப் போய்ச் சேரும்?

ஒருத்தனுக்குப் போய்ச் சேரும். சுங்கச்சாவடி.

சுங்கச்சாவடிங்கறது என் க்ளீனர் இறால். முதுகுல சிவப்புக்கு நடுவுல வெள்ளைக்கோடு, கத்தை மீசை. மஷ்ரூம் மூட ஆரம்பிக்கறதைப் பாத்தா போதும், பொறுமையா நடந்து வந்து, அந்தச் சுருக்குப்பைக்குள்ள காலை விட்டு, துணுக்கை உருவி எடுத்துக்கிட்டு, அங்கயே நின்னு சாப்பிடும். மஷ்ரூம் அதுபாட்டுக்குக் காலிப் பையை மூடிக்கிட்டு இருக்கும். அப்பா இதைப் பாத்துட்டு ஈஸிசேர்ல குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். எனக்கு வயித்தெரிச்சல்.

வழி இருக்கு. முதல்ல சுங்கத்தைக் கட்டிடணும். பெரிய துண்டா ஒண்ணு, தொட்டியோட அந்தக் கோடியில. அதையும் மீறி வந்தா, சோடா பாட்டில் மேல்பாதியை வெட்டி மஷ்ரூம் மேல கவுத்துட்டு, மூடி வழியா ட்யூப்பை விட்டு ஊட்டிட்டு, அது நல்லா மூடினதும் எடுத்துடலாம். கோமாளிமீன்ங்களுக்கும் இதேதான். மண்டபத்துல மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்துல இதுங்களைத் தொட்டியிலயே இனப்பெருக்கம் பண்ணிக் காட்டிட்டாங்க, அதனால கடல்லேர்ந்து பிடிச்சதை வாங்கணும்னு இல்ல. கேட்டு வாங்குங்க.

பொடிக்கு நான் நம்பறது ஆர்ட்டிமியா. முட்டையை டப்பாவுல வாங்கி நாமளே பொரிக்கறது. சென்னை இதுக்குன்னே செஞ்ச ஊரு! புத்தகத்துல 28 டிகிரியில வைங்கம்பாங்க. வெளிநாட்டுக்காரன் ஹீட்டர் தேடுவான், நம்ம சமையல்கட்டு மேடையே 28-க்கு மேல. ரெண்டு லிட்டர் பாட்டிலைக் கவுத்து, லிட்டருக்கு 25 கிராம் உப்பு, சிட்டிகை சோடா, அடியிலேர்ந்து காத்து. ஒரு நாள்ல பொரிஞ்சிடும். காத்தை நிறுத்திட்டு ஒரு பக்கமா டார்ச் அடிச்சா, ஓடெல்லாம் மேல மிதக்கும், குஞ்செல்லாம் வெளிச்சத்துப் பக்கம் ஆரஞ்சு மேகமா வந்து கூடும். அதை உறிஞ்சணும். உடனே போட்டுடணும். பொறந்தப்போ வயித்துல இருக்கற மஞ்சக்கருதான் அதோட சத்தே. ஆற அமர மறுநாள் போட்டா வெறும் ஓடுதான்.

நல்ல ஆர்ட்டிமியா நம்ம பக்கம் கிடைக்கறதுக்கே காரணம் நம்ம பொழுதுபோக்கு இல்ல, இறால் பண்ணை. மரக்காணம் வரைக்கும் ஈசிஆர் ஓரம் இருக்கற குஞ்சுப்பொரிப்பகங்களுக்கு இது மூட்டைக் கணக்குல வேணும். சாந்தோம் ஹை ரோட்ல போறப்போ பாத்திருப்பீங்க, சிபா, மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம், 1987-ல ஆரம்பிச்சது. இறால், கொடுவான்னு அங்க பெரிய வேலை நடக்குது. அந்தக் குஞ்சுங்களுக்கும் முதல் சாப்பாடு இதே சங்கிலிதான்: பாசி, ரொட்டிஃபர், ஆர்ட்டிமியா. நான் பாட்டில்ல பண்றதை அவங்க தொட்டி தொட்டியாப் பண்றாங்க.

இவ்வளவு பண்ணி என்ன ஆச்சு?

ஒரு கல்லுல இருக்கற மஷ்ரூமுக்கு வாரத்துல ஒரு தடவை ஊட்டி, இன்னொரு கல்லுல இருக்கறதுக்கு ஊட்டாம விட்டுப் பாத்தேன். ஊட்டினது தடிச்சுது, பக்கத்துல குட்டி விட்டுது. ஊட்டாதது அப்படியே ஜம்முனு இருக்கு, கொஞ்சம் மெதுவா. ஜோவாஸ்ல எனக்கு வித்தியாசமே தெரியல. அதுங்களுக்கு மீன் சாப்பிட்டுச் சிந்தறதும் மீன் போடறதுமே போதும் போல.

அப்புறம் வாரத்துல ரெண்டு, மூணுன்னு ஏத்திப் பாத்தேன். குட்டி அதிகமாகல. கண்ணாடியில பச்சைப் படலம் அதிகமாச்சு. போட்டதுல உள்ள போனது போக மிச்சம் அழுகி நைட்ரேட், பாஸ்பேட். நைட்ரேட் 5-லேர்ந்து 10 பிபிஎம்குள்ள வெச்சிருப்பேன், அது பாட்டுக்கு மேல ஏற ஆரம்பிச்சுது. கடல்ல சாப்பாடு வந்துக்கிட்டே இருக்கும், மிச்சமும் போய்க்கிட்டே இருக்கும். தொட்டியில வர்றதுக்குத்தான் வழி. போறதுக்கு வழி என் முதுகெலும்பு, பக்கெட், ட்யூப். அதனால ஊட்டற அன்னிக்கே மறுநாள் தண்ணி மாத்த ஆளு இருக்கான்னு பாத்துக்கங்க. (ஆளுன்னா நீங்கதான்.)

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்க பக்கம் கரண்ட் போச்சு. ஆர்ட்டிமியா இல்ல, இறால் இல்ல, கீழ் வீட்டு ஃப்ரீசர்ல இருந்தது எல்லாம் உருகிப்போச்சு. அப்போ யாரும் பசியில சாகல. மூச்சுத்தான் பிரச்சினை. தண்ணி ஓடலன்னா பிராணவாயு இறங்கிடும், மீன் மேல வந்து வாயைத் திறக்கும். பேட்டரி ஏர் பம்பும், செம்பால மொண்டு மொண்டு ஊத்தின அப்பாவும்தான் காப்பாத்தினாங்க. மழை விட்டு, கரண்ட் வந்து, லைட் எரிஞ்சதும் மஷ்ரூம் ஒண்ணுமே நடக்காத மாதிரி விரிஞ்சுது. என்னைக் கேட்டா, பவுடருக்குக் குடுக்கற காசை முதல்ல பேட்டரி பம்புக்குக் குடுங்க.

ஒரு ஜாதிக்கு மட்டும் இந்தப் பேச்செல்லாம் செல்லாது. கார்னேஷன் கோரல்னு ஒண்ணு படத்துல பாத்திருப்பீங்க. டென்ட்ரோநெஃப்தியா. ரோஜா, ஆரஞ்சு, குங்குமக் கலர்ல கண்ணாடித் தண்டு. அது உள்ள பாசியே கிடையாது. முழுக்க முழுக்க பிடிச்சுச் சாப்பிடற ஜீவன். 1995-ல கதரினா ஃபாப்ரிஷியஸ் குழு செங்கடல்ல பாத்தப்போ, அது பிடிச்சுத் தின்னறது பெரும்பாலும் தாவர மிதவை. அதாவது, பவளத்துலயே சைவம்! (அம்மாகிட்ட சொன்னேன். "அதை வாங்கியிருக்கலாமே"ன்னாங்க.) வாங்கக்கூடாதும்மா. ஓடற தண்ணியில நாள் பூரா நுணுக்கமா வந்துக்கிட்டே இருக்கணும் அதுக்கு. வீட்டுத் தொட்டியில சுருங்கிச் சுருங்கி, மாசக்கணக்குல பட்டினி கிடந்து சாகும். அழகா இருக்குன்னு விக்கறாங்க, அழகா இருக்குன்னு வாங்கறாங்க. இதுக்கு ஊட்ட முடியாதுன்னு சொல்ற கடைக்காரர் கிடைச்சா அவரை விடாதீங்க.

சாப்பாட்டோட அருமை தெரியறது வெயில் காலத்துலதான். தண்ணி சூடேறினா பவளம் உள்ள இருக்கற பாசியை வெளிய தள்ளிடும், வெளுத்துடும். மன்னார் வளைகுடாவுல 2010-லயும் 2016-லயும் பெருசா வெளுத்துது. 2016-க்கு அப்புறம் உயிருள்ள பவளப் பரப்பு 38.9 சதவீதத்துலேர்ந்து 22.7-க்கு இறங்கிடுச்சுன்னு தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தோட கணக்கு. சமையக்காரனே போயிட்டா என்ன பண்றது? 2006-ல ஆண்ட்ரியா குரோட்டோலி குழு ஹவாய்ல பாத்தாங்க: வெளுத்த பவளத்துல ஒரு வகை, மாண்டிபோரா காபிடேட்டா, தின்னறதைக் கிடுகிடுன்னு ஏத்தி, அன்றாடத் தேவை மொத்தத்தையும் வாயாலயே சமாளிச்சுக்கிட்டுது. மத்த வகை சிலதுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்ல, உடம்புல இருந்த கொழுப்பைக் கரைச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. அதனால மே மாசம் மட்டும் நானும் கொஞ்சம் கை தாராளம். தண்ணி 29-ஐத் தாண்டினா தொட்டி மேல ஃபேன், ஹால்ல ஏசி. (அப்பா ஈஸிசேருக்கும் ஏசி. அவருக்கு இதுல கொள்ளைச் சந்தோஷம்.) ஏசி பில்லைப் பாத்தா பவுடர் விலையெல்லாம் ஒண்ணுமே இல்லன்னு தோணும், அதை இங்க எழுதினா அம்மா படிச்சுடுவாங்க.

பால்கனியில இப்போ பச்சைத் தண்ணி பாட்டில் மூணு நிக்குது. நானோகுளோராப்சிஸ், தாவர மிதவை. லெதருக்கு, ஆர்ட்டிமியாவுக்கு, எல்லாத்துக்கும் ஆகும். சித்திரை வெயில்ல போட்டது கலங்கித் தெளிஞ்சு அடியில படிஞ்சு நாறிடுச்சு, அதுக்கு 25 டிகிரிக்கு மேல பிடிக்கல. மார்கழியில திரும்ப ஆரம்பிச்சிருக்கேன், நிறம் பிடிச்சிருக்கு. அம்மா துளசிக்கு ஊத்தற உரம்னு நினைச்சு ஒரு பாட்டிலைத் தூக்கிட்டாங்க, நடுவழியில மடக்கினேன். யாராவது சென்னையில இதை வெயில் காலம் தாண்டி ஓட்டியிருந்தா எப்படின்னு கீழ சொல்லுங்க. தெர்மாகோல் பெட்டி, ஈரத்துணி, பானைக்குள்ள வெக்கறது, இதெல்லாம் பாத்தாச்சு. ஃப்ரிட்ஜ்ல வைங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. எந்த ஃப்ரிட்ஜ்ல?